‘இது’ என்று 41 முறை சொன்ன டீச்சர்

2020 ஜூலையில் என் கையை விட்டுப் போனது 16,000 ரூபாய். அதில் 11,800 ஒரு வகுப்பறைச் செயலியின் ஓராண்டுச் சந்தா, வரியும் சேர்த்து. மிச்சம் 4,200, கம்ப்யூட்டரில் செருகிப் பேனாவால் எழுதினால் எழுத்து திரையில் விழுமே, அந்தப் பலகைக்கு. வீட்டுக்கு ஓடு மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணம் அது. அந்த மழைக்காலம் முழுக்க அடுக்களையில் இரண்டு வாளி வைத்து ஒழுகலைப் பிடித்தோம். பணத்தையாவது சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஈடு கட்டிவிட்டேன். கூடவே வீணாய்ப் போன 11 வாரங்களைத்தான் எதைக் கொண்டும் ஈடு கட்ட முடியவில்லை. சென்ற மாதம் ஒரு இளைய ஆசிரியை, மாலை வகுப்புக்கு எந்தச் செயலி வாங்கலாம் என்று போனில் கேட்டார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலையில் இருந்து குளச்சல் போகும் வழியில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கடற்கரை ஊர்களில் இருந்தும் பிள்ளைகள் வருவார்கள், வேர்க்கிளம்பிப் பக்கத்து ரப்பர்த் தோட்ட வீடுகளில் இருந்தும் வருவார்கள். அந்த ஆண்டு என் ஒன்பதாம் வகுப்பில் 38 பேர். கொரோனாவால் மார்ச்சில் பூட்டிய பள்ளி ஜூனிலும் திறக்கவில்லை. எல்லாரும் ஆன்லைன் வகுப்பு என்று ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கும் ஒரு வேகம். செயலி விற்க வந்த தம்பி திரையில் செய்து காட்டியபோது வாயைப் பிளந்து பார்த்தேன். வட்டம் சுழல்கிறது, வினாடி வினாவுக்கு மணி அடிக்கிறது, சரியாகச் சொன்னவனுக்கு நட்சத்திரம் விழுகிறது. “எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றது மேடம்” என்றார். எல்லாக் குழந்தைகளுக்கும் என்றால் யார் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இலவசமாகப் பார்க்க ஏழு நாள் தந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் என் அறையில், என் கம்ப்யூட்டரில், என் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை அனுப்பினேன்.

முதல் வாரம் காலை 9 மணி வகுப்புக்கு 38 பேரில் 14 பேர் வந்தார்கள். வராதவர்களை வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லித் திட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் முகம் சூடாகிறது. இரண்டாம் வாரம் ஒரு இரவு, எட்டரை மணி இருக்கும், குழுவில் இல்லாமல் எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு வந்தது. ஐந்தாம் வகுப்பில் பார்வை முழுதாகப் போன பெண் அவள். கடற்கரையில் வீடு. வகுப்பறையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து காதாலேயே கணக்குப் பிடிப்பவள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கு வகுப்பில் ‘இது’ என்று 41 முறை சொன்னீர்கள். இதை இங்கே கொண்டுவந்தால் இது கிடைக்கும் என்றீர்கள். எது டீச்சர்?”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. சொந்தக் காசைப் போட்டு, கழுத்து வலிக்க உட்கார்ந்து எடுக்கிறேன், இவள் எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று. வகுப்பறையில் நான் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் இருந்த தோழி காதில் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறாள். பள்ளி பூட்டியதும் அந்தத் தோழியும் போய்விட்டாள். பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் இது புரிந்தது.

மறுநாள் இரவு என் போனில் டாக்பேக்கைப் போட்டேன். பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி அது. ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் இருக்கும். பல போன்களில் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும் இரண்டு பட்டன்களையும் ஒன்றாக மூன்று விநாடி அழுத்திப் பிடித்தாலே பேசத் தொடங்கிவிடும். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்ததைப் படிக்கும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். தமிழ்க் குரல் இல்லை என்றால் கூகுளின் பேச்சு அமைப்புக்குள் போய்த் தமிழை இறக்கிக்கொள்ள வேண்டும். திரை மேல் ஒரு துவர்த்தை, அதாவது துண்டை, போட்டு மூடிவிட்டு, என் வகுப்புக்குள் நானே நுழையப் பார்த்தேன். விரலைத் தள்ளினால் “பட்டன்” என்றது. மறுபடி தள்ளினால் “பட்டன்”. மூன்றாவது, நான்காவது, எல்லாம் வெறும் “பட்டன்”. எது மைக், எது கையைத் தூக்குவது, எது வெளியேறுவது என்று எந்தப் பட்டனுக்கும் பெயரே வைக்காமல் விட்டிருந்தார்கள். வினாடி வினாப் பக்கத்தில் கேள்வியே படமாக இருந்தது. டாக்பேக் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நேரம் முடிந்ததற்கு மணி மட்டும் அடித்தது. உள்ளே நுழைய எனக்கு 25 நிமிடம் ஆயிற்று. அவள் அண்ணனின் பழைய போனில் அதைத் தினமும் செய்துகொண்டிருந்தாள். நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாள் தாண்டிவிட்டது என்றார்கள்.

எனவே காசு கொடுக்கும் முன் செய்ய வேண்டியது, அந்தத் துவர்த்தைப் போட்டு மூடிப் பார்ப்பதுதான். டாக்பேக்கைப் போட்டு, திரையைப் பார்க்காமல், உள்ளே நுழைந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி வெளியே வர முடிகிறதா? முடியவில்லை என்றால் எவ்வளவு நட்சத்திரம் விழுந்தாலும் வாங்காதீர்கள். அதே சோதனையை வகுப்பிலேயே மிகப் பழைய போன் வைத்திருக்கும் பிள்ளையின் கையில் கொடுத்தும் செய்து பாருங்கள். என் செயலி இரண்டு ஜிபி நினைவகப் போன்களில் திறந்து நிற்கவே இல்லை. அதனால் மட்டும் ஆறு பேர் வராமல் இருந்திருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. போன் சரியில்லை என்று சொல்லப் பிள்ளைகளுக்கு வெட்கம், நான்தான் குழுவில் வைத்துத் திட்டுகிறேனே.

சரி, செயலிதான் மோசம், குறிப்புகளாவது போகட்டும் என்று பிடிஎஃப் அனுப்பத் தொடங்கினேன். அதிலும் அடி. பழைய குறிப்பேட்டை ஸ்கேன் செய்து அனுப்பியவை அவளுக்கு வெற்றுத் தாள். ஸ்கேன் என்றால் படம்தானே, படத்தில் எழுத்து இருப்பது படிக்கும் கருவிக்குத் தெரியாது. அப்படியானால் தட்டச்சு செய்தே அனுப்பலாம் என்று, பத்து ஆண்டுகளாக வினாத்தாள் அடிக்கும் எழுத்துருவில் உட்கார்ந்து மூன்று இரவு அடித்தேன். அவள் கேட்டுவிட்டு, “டீச்சர், ஏதோ வேற்று மொழி பேசுகிறது” என்றாள். எழுத்தெழுத்தாகப் படிக்க வை என்றேன். ‘அம்மா’ என்ற இடத்தில் போன் சொன்னது: எம், கே, செமிகோலன், கே, எச். பழைய தட்டச்சு முறை எழுத்துருக்களில் நம் கண்ணுக்குத்தான் தமிழ் தெரிகிறது. கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் வடிவம் சட்டை போட்டு நிற்கிறது. எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அடித்தால்தான் உள்ளேயும் தமிழாக இருக்கும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். பத்து ஆண்டுகள் கழித்தும் எனக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை.

அந்த மூன்று இரவு வேலையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். ஸ்கேன் செய்தவற்றை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் ஆவணமாகத் திறந்தால் படத்தில் உள்ள தமிழை எழுத்தாக எடுத்துக் கொடுக்கும். அச்சடித்த பக்கம் என்றால் நன்றாகவே எடுக்கும். ஆனால் துணைக்காலும் (ா) ரகரமும் (ர) இடம் மாறிக்கொள்ளும், பின்னங்களும் அடுக்குக் குறிகளும் சிதறிப் போகும். கணக்கு டீச்சர்கள் ஒருமுறை படித்துப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. கோப்புக்குப் பெயர் வைப்பதும் சின்ன விஷயமாகத் தோன்றும். நான் அனுப்பியவை எல்லாம் தேதியும் எண்ணுமாக ஒரு முழ நீளப் பெயர்கள். அவள் ஒவ்வொன்றையும் திறந்து கேட்டுத்தான் எது எந்தப் பாடம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். ‘ஒன்பது கணக்கு, இயல் ஒன்று, பயிற்சி மூன்று’ என்று வைக்கத் தொடங்கியபோது, பார்வை உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள்தான் முதலில் நன்றி சொன்னார்கள்.

‘இது’வுக்கு வருகிறேன். என் வகுப்புப் பதிவு ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கணக்கைக் கையால் சொல்லிப் பழகியவள் நான், வாயால் சொல்லத் தெரியவில்லை. ‘எக்ஸ் கூட்டல் 1 கீழே 2’ என்று சொல்லியிருந்தேன். எக்ஸும் ஒன்றும் சேர்ந்து இரண்டால் வகுபடுகிறதா, ஒன்று மட்டும் வகுபடுகிறதா? கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். நானும் அவளும் பேசி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ‘தொகுதி திறக்கிறது, எக்ஸ் கூட்டல் 1, தொகுதி முடிகிறது, பகுதி 2.’ நீளம்தான். ஆனால் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு, பின்னத்தில் வழக்கமாகச் சறுக்கும் பிள்ளைகளும் குறைவாகச் சறுக்கினார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் முதல் இயலே கண மொழி. வெண்படம் போட வேண்டும். இரண்டு வட்டம், நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பகுதி. இதை எந்தக் குரலில் சொல்லிப் புரிய வைப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவளே ஒரு நாள் அழைத்தாள். சாப்பாட்டுத் தட்டில் அம்மாவின் வளையல் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏற வைத்து, உள்ளே புளியங்கொட்டை போட்டு வைத்திருக்கிறாள். “டீச்சர், இரண்டு வளையலுக்குள்ளும் இருப்பதுதானே வெட்டு? மொத்தக் கொட்டையும் சேர்ப்பு?” என்றாள். அவள் அம்மா அந்தப் பக்கம், “தட்டைக் கழுவ விடமாட்டேன் என்கிறாள் டீச்சர்” என்று சிரித்தார். அடுத்த வாரம் 38 வீட்டிலும் வளையலும் புளியங்கொட்டையும்தான் பாடம். பிறகு ஆயத்தொலை வடிவியலுக்கு அட்டையில் தென்னை ஈர்க்கிலை ஒட்டி அச்சுகள் ஆக்கினோம், கோணத்துக்கும் ஈர்க்கில்தான். நம் மாவட்டத்தில் ஈர்க்கிலுக்கா பஞ்சம்? 4,200 ரூபாய்ப் பலகை அலமாரி மேல் ஏறியது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 9 மணி வகுப்புக்கு 24 பேர் ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. ரப்பர் வீடுகளில் விடிவதற்கு முன்பே அப்பாவும் அம்மாவும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறார்கள். பாலை எடுத்து உறைய வைத்து வீடு திரும்ப முற்பகல் ஆகிவிடும். வீட்டின் ஒரே போன் அவர்களோடு போகிறது. கடற்கரை வீடுகளில் போன் அண்ணனிடம், அண்ணன் கரையில் நின்று வலை இழுக்கும் கரைமடியிலோ மீன் ஏலக் கூடத்திலோ. மாலை 7 மணிக்கு மாற்றலாம் என்றால் அது ஜெபமாலை நேரம். கடைசியில் நேரடி வகுப்பு வாரம் இரண்டு, இரவு 8 மணிக்கு, அதுவும் சந்தேகம் கேட்க மட்டும். மற்ற நாள்களில் பாடம் குரல் பதிவாகப் போனது. ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பிகூட வராது. நான் முன்பு அனுப்பிய 40 நிமிட வீடியோ ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி வாங்கி, மூன்று பிள்ளைகள் பங்கு போடும் வீட்டில் அது எப்படி நிற்கும்? ஒரு பதிவு ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தொடங்கும்போதே புத்தகப் பக்க எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு தவறு, சுருக்கமாகச் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் பிள்ளைக்கு முகம் தெரியாத அழைப்புகள் வரத் தொடங்கின, அவள் அப்பா போனையே பிடுங்கி வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒளிபரப்புப் பட்டியல் என்று ஒன்று வாட்ஸ்அப்பிலேயே உண்டு. நாம் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. நம் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் வந்து சேரும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆசிரியர்களும் அந்த ஆண்டு ஆள் இல்லாத் தீவில்தான் கிடந்தோம். எங்கள் பள்ளியில் இயற்பியல் சார் ஒருவர், ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம். பயிற்சி என்று எங்களுக்கு நடந்ததெல்லாம் நூறு பேர் இருந்த ஒரே கூட்டத்தில், யாரோ திரையைக் காட்டி வேகமாகச் சொல்லிக்கொண்டு போனது. நூறு பேர் முன்னால் ‘மைக் எங்கே இருக்கிறது’ என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் போன் சரியில்லை என்று சொல்லாமல் இருந்ததும் இதே வெட்கத்தால்தான். நான்கு வாரம் அவர் வகுப்பே எடுக்கவில்லை, எடுப்பதாகப் பதிவேட்டில் எழுதினார். பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சாதாரணப் பட்டன் போனில் கான்பரன்ஸ் அழைப்பு. ஒரு நேரத்துக்கு நான்கைந்து பிள்ளைகள், ஆளுக்கொரு புத்தகம் கையில், “மக்களே, பக்கம் 34ஐ எடு” என்று தொடங்குவார். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம், வீட்டில் ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு அதிகம் பிள்ளைகளைத் தொட்ட வகுப்பு அவருடையதுதான் என்பது என் கணிப்பு. சக ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பதானால் ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து, போனை அவர் கையிலேயே விட்டுச் சொல்லிக்கொடுங்கள். நான் பிறகு அவருக்கு வாட்ஸ்அப் குரல் பதிவைக் கற்றுக்கொடுத்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் உதவி கேட்டது நான்காவது மாதம். அதுவரை எல்லாவற்றையும் தனியாக முட்டி மோதினேன். கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கென்றே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பது பள்ளியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூப்பிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றவில்லை. அழைத்த மறுநாளே பயிற்றுநர் அம்மா ஒருவர் ஸ்கூட்டரில் வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “உங்கள் வகுப்பில் எத்தனை பேர் டீச்சர்?” ஒருத்தி என்றேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான் என்றார். என் நோட்டுகளைப் புரட்டிவிட்டு, எண்களை இடம் மாற்றி எழுதும் ஒருவனைக் காட்டினார். கவனக்குறைவு என்று நான் மதிப்பெண் குறைத்துக்கொண்டே வந்த பையன். அவனுக்குக் கற்றல் குறைபாடாக இருக்கலாம், சோதிக்க வேண்டும் என்றார். பொதுத் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்க வேண்டுமானால் சான்றிதழை முன்பே எடுத்து வையுங்கள், கடைசி மாதத்தில் ஓடாதீர்கள் என்றார். அவர் சொன்னபடி நடந்ததால் 2022 மே மாதம் என் வளையல்காரி ஒரு மணி நேரம் கூடுதலாகப் பெற்றுப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். இப்போது கம்ப்யூட்டரில், திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ வைத்து வேலை செய்கிறாள். பார்வை இல்லாத இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. சந்தா எதுவும் கிடையாது.

சிறப்புப் பயிற்றுநர் கேட்ட எண்ணிக்கையில் நான் விட்ட இன்னொருவனும் உண்டு. காதில் கருவி வைத்திருக்கும் பையன், ரப்பர்ப் பக்கம். பார்வை இல்லாத பெண்ணுக்காக எல்லாவற்றையும் குரலுக்கு மாற்றி, பெருமையாகத் திரிந்தேனே, அந்தக் குரல் இவனுக்குப் பாதிதான் போனது. நேரில் என் உதட்டைப் பார்த்துப் பிடிப்பவன். புரிந்த பிறகு ஒவ்வொரு குரல் பதிவோடும் நாலு வரி யூனிகோடில் அடித்து அனுப்பினேன், வீடியோவில் வந்தால் விளக்கை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். பேசுவதை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைபில் தமிழும் உண்டு. நம் ஊர்ப் பேச்சு அதற்குக் கொஞ்சம் முரடு, ‘மூலைவிட்டம்’ என்று சொன்னால் ‘மூலை வீடு’ என்று எழுதும். ஆனாலும் நவம்பரில் இருந்து அவன் எதற்கும் பதில் அனுப்பவில்லை. மூன்று முறை அழைத்தேன், அம்மா “வேலையாக இருக்கிறான் டீச்சர்” என்றார். சோம்பேறி என்று மனதில் எழுதிவிட்டேன்.

2021 பிப்ரவரி 8ஆம் தேதி ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. முதல் நாளே வந்தான். காதில் கருவி இல்லை. சட்டைப் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினான், உள்ளே பேட்டரி இல்லை. பொத்தான் அளவுச் சின்ன பேட்டரி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்பெல்லாம் நாகர்கோவில் போகிற யாராவது வாங்கி வருவார்களாம். பஸ் இல்லாத மாதங்களில் தீர்ந்தது, பஸ் ஓடத் தொடங்கியபோது வீட்டில் காசு இல்லை. அத்தனை மாதமும் அவன் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாமல் இருந்திருக்கிறான். நான் 11,800 ரூபாய்ச் சந்தா கட்டியிருந்தேன்.

இப்போது ஜூன் முதல் வாரம் ஒவ்வொரு வீட்டுக்கும் அரைப்பக்கத் தாள் ஒன்று அனுப்புகிறேன். வீட்டில் எத்தனை போன், யாரிடம், எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வரும், என்ன போன், எழுத்துப் பெரிதாக வேண்டுமா, குரலாக வேண்டுமா. எழுதத் தெரியாத வீடுகளுக்கு நானே அழைத்துக் கேட்டு நிரப்புகிறேன். கடைசி வரியில், கருவி ஏதும் இருந்தால் அதற்கு என்ன பேட்டரி, எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.